குளியலறை அலமாரியும் ஒரு நூல் இடைவெளியும்

கோடையில் விரல் நுனி பட்டாலே திறந்துகொள்ளும் கதவு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் தோள் கொடுத்துத் தள்ளினாலும் அசைய மறுக்கிறது. "மழைக்குக் கதவு உப்பிவிட்டது" என்று சொல்லிவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஏன் உப்பியது? எவ்வளவு உப்பியது? அதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? இக்கேள்விகளை நானும் நெடுநாள் கேட்டதில்லை. குளியலறைக்கென்று என் கையாலேயே ஓர் அலமாரி செய்து, அதனிடம் பாடம் கற்ற பிறகுதான் கேட்டேன்.

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றின் கரையில் உள்ளது. அண்மையில் வீராணம் ஏரி, கிழக்கே கடல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சித்திரை, வைகாசியில் மண் வெடிக்கும் வெயில். மரத்துக்கு இதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் வேண்டியதில்லை. அதிலும் குளியலறை என்றால் கேட்கவே வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன், மே மாத விடுமுறையில், தாத்தா வீட்டை இடித்தபோது கிடைத்த தேக்குப் பலகைகளைக் கொண்டு ஒரு சிறு அலமாரி செய்தேன். கதவு ஒரே பலகை. அகலம் 300 மி.மீ. சட்டத்துக்குள் அது பொருந்திய அழகைப் பார்த்து எனக்கே பெருமை. இரு பக்கமும் சேர்த்து 1 மி.மீ. சந்துதான் விட்டிருந்தேன். சோப்பு, எண்ணெய், சவரக் கருவி எல்லாம் அதில் ஏறின. என் தந்தைக்கு மூச்சிரைப்பு உண்டு. அவருடைய இன்ஹேலரும் அங்கேயே குடியேறியது.

நவம்பரில் நான்கு நாள் விடாமல் மழை. நான்காம் நாள் இரவு, மின்சாரமும் இல்லாத வேளையில், அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மருந்தை எடுக்க ஓடினேன். கதவு திறக்கவில்லை. பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. உளியைத் தேடி எடுத்து, விளிம்பில் செருகி நெம்பியதில் பலகை நீளவாக்கில் பிளந்தது. மருந்து கிடைத்தது, அப்பாவும் தேறினார். ஆனால் அந்த மூன்று நான்கு நிமிடங்களை நான் மறக்கவில்லை.

மறுவாரம் ஊரிலுள்ள முதிய தச்சர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். கதவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வாத்தியாரே, கத்திரி வெயில்ல பொருத்தின கதவா இது?"

"ஆமாம் ஐயா."

"மழைக்கு ஒரு நூல் விட்டிருக்கணும்."

"ஏன் ஒரு நூல்? அரை நூல் போதாதா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கப்பாரு விடச் சொன்னாரு, விடறேன். இதுவரைக்கும் ஒரு கதவும் திரும்பி வந்ததில்ல."

நூல் என்பது தச்சர்களின் அளவு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதாவது சுமார் 3.2 மி.மீ. அந்த ஒரு நூலுக்குப் பின்னால் என்ன இயற்பியல் இருக்கிறது என்று பார்ப்போம். அது விளங்கிவிட்டால், முதன்முறையாக உளி பிடிப்பவரும் பல மழைக்காலங்களைத் தாங்கும் அலமாரியைச் செய்துவிடலாம்.

வெப்பமா, ஈரமா?

'வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும்' என்பது பள்ளியில் படித்த பாடம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதை நினைவு கூருங்கள். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள பட்டாவை 400 டிகிரி செல்சியசு அளவுக்குச் சூடேற்றினால் அதன் விட்டம் 7 மி.மீ. கூடும். அந்த நிலையில் அதை மரச் சக்கரத்தின்மேல் ஏற்றி, நீரூற்றிக் குளிர்வித்தால் பட்டா சுருங்கிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நம் கதவின் கதை இதற்கு நேர்மாறானது அன்றோ? மழைக்காலத்தில் வெப்பநிலை குறைகிறது, கதவோ பெரிதாகிறது. மரமும் வெப்பத்தால் விரியத்தான் செய்கிறது. ஆயினும் 300 மி.மீ. அகலப் பலகையில் 10 டிகிரி மாற்றத்துக்கு அது 0.1 மி.மீ. அளவுக்கே வரும். எனவே இங்குக் குற்றவாளி வெப்பம் அன்று, ஈரம்தான்.

இதையும் வண்டிக்காரர்கள் அறிந்திருந்தார்கள். கோடையில் மரம் உலர்ந்து, ஆரக்கால்கள் ஆட்டம் கண்டால், சக்கரத்தை வாய்க்கால் நீரில் ஊறப் போடுவார்கள். மரம் நீரைக் குடித்து உப்பி, தளர்ந்த மூட்டுகள் மீண்டும் இறுகும். பட்டாவை இறுக்கியது வெப்பம். ஆரக்காலை இறுக்கியது நீர். ஒரே சக்கரத்தில் இரண்டு பாடங்கள்!

மரத்துக்குள் நீர் எங்கே தங்குகிறது?

மரம் என்பது, நீளவாக்கில் அடுக்கிக் கட்டிய பல கோடி நுண்குழல்களின் கற்றை எனலாம். இக்குழல்களின் சுவர்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் எனும் நீண்ட மூலக்கூறு இழைகளால் ஆனவை. பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, குழல்களின் உள்வெளியில். மற்றொன்று, குழல் சுவருக்குள்ளேயே, செல்லுலோஸ் இழைகளுக்கிடையில்.

மரத்தை வெட்டிக் காயவைக்கும்போது முதலில் குழலுக்குள் இருக்கும் நீர் வெளியேறுகிறது. குடத்திலிருந்து நீரைக் கொட்டினால் குடம் சுருங்குவதில்லை. அதுபோல இந்நிலையில் மரம் எடை குறையுமே தவிர அளவு குறைவதில்லை. மரத்திலுள்ள ஈரம், அதன் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடாகக் குறைந்த பிறகுதான் சுவருக்குள் இருக்கும் நீர் வெளியேறத் தொடங்கும். அப்போது இழைகள் ஒன்றையொன்று நெருங்கும், மரம் சுருங்கும். மீண்டும் ஈரம் புகுந்தால் இழைகள் விலகும், மரம் உப்பும். இழைகள் தண்டின் நீளவாக்கில் படுத்திருப்பதால் அவை விலகும்போது அகலம் கூடுகிறது. நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நம் தலைமயிர்கூட ஈரத்துக்கு ஏற்ப நீளும். அதைக் கொண்டே சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூர் ஈரமானி ஒன்றை அமைத்து 1783-இல் விளக்கினார். நம் வீட்டுக் கதவும் ஒருவகை ஈரமானிதான்.

அகலத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்டு வளையங்களின் வட்டத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், மையத்திலிருந்து வெளிநோக்கிச் செல்லும் ஆரத் திசையில் ஏற்படுவதைப் போல் சுமார் இரு மடங்கு. தேக்கை எடுத்துக்கொண்டால், பச்சை நிலையிலிருந்து முற்றிலும் உலரும் வரை வளையத் திசையில் 5.8 விழுக்காடும், ஆரத் திசையில் 2.5 விழுக்காடும் சுருங்கும். மரங்களில் தேக்கு அடக்கமானது. வேறு பல மரங்கள் இதைவிடக் கூடுதலாக ஆடும்.

ஒரு நூலின் கணக்கு

இப்போது தச்சரின் ஒரு நூலுக்கு வருவோம். காற்றில் வைக்கப்பட்ட மரம், காற்றின் ஈரத்துக்கேற்பத் தன் ஈரத்தைச் சரிசெய்துகொள்ளும். 30 டிகிரி வெப்பநிலையில், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடானால் மரத்தின் ஈரம் சுமார் 9 விழுக்காடு. காற்றில் 80 ஆனால் மரத்தில் 16-ஐ நெருங்கும். காற்றில் 90 ஆனால் மரத்தில் ஏறக்குறைய 20.

கத்திரி வெயிலில் என் பலகையின் ஈரம் 10 விழுக்காடு என்றும், மழையில் 16 விழுக்காடு என்றும் கொள்வோம். வேறுபாடு 6. தேக்கு 30 விழுக்காட்டிலிருந்து சுழியம் வரை உலரும்போது 5.8 விழுக்காடு சுருங்குகிறது. எனவே ஈரத்தில் ஒவ்வொரு விழுக்காட்டு மாற்றத்துக்கும் அகலம் 5.8-ஐ 30-ஆல் வகுத்த அளவு, அதாவது சுமார் 0.19 விழுக்காடு மாறும். ஆறு விழுக்காட்டுக்கு 1.14 விழுக்காடு. 300 மி.மீ. பலகையில் இது 3.4 மி.மீ.!

ஒரு நூல் 3.2 மி.மீ. தச்சரின் தந்தை எந்த ஈரமானியும் இல்லாமல், கதவுகள் சொன்னதைக் கேட்டே இந்த அளவைக் கண்டிருக்கிறார். நான் விட்டிருந்ததோ 1 மி.மீ. மீதி 2.4 மி.மீட்டருக்கு என் கதவு எங்கே போகும்? சட்டத்தைத்தான் நெருக்கும்.

குளியலறையின் காற்று

இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரமுள்ள குளியலறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 7.5 கன மீட்டர். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அறை முழுவதற்கும் 225 கிராம்; ஒரு பெரிய தம்ளர் நீர். காற்றில் முன்பே 70 விழுக்காடு ஈரம் இருந்தால், இன்னும் 68 கிராம் நீர் ஆவியானாலே போதும், காற்று நிறைந்துவிடும். ஒரு வாளி வெந்நீரில் குளித்தால் அது சில நிமிட வேலை. கண்ணாடியில் படியும் பனித்திரையே இதற்குச் சான்று.

ஆனால் மரம் மெதுவாகக் குடிப்பது. பத்து நிமிட ஈரம் மரத்தின் மேற்பரப்போடு நின்றுவிடும். குளித்த பின் சன்னலைத் திறந்து வைத்தால் அதுவும் உலர்ந்துவிடும். நாளெல்லாம் மூடிக் கிடக்கும் குளியலறையே மரத்தைக் கெடுக்கும். ஆகவே அலமாரிக்கு முதல் பாதுகாப்பு காற்றோட்டம். வண்ணப்பூச்சு அதற்கு அடுத்ததுதான்.

எந்தப் பலகை?

முதன்முறை செய்பவர்கள் பெட்டிக்கு ஒட்டுப்பலகையை, அதாவது பிளைவுட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மெல்லிய மரத் தகடுகளை, ஒன்றின் இழை மற்றொன்றின் இழைக்குச் செங்குத்தாக அமையுமாறு அடுக்கி ஒட்டுவதே ஒட்டுப்பலகை. ஒரு தகடு அகலவாக்கில் உப்ப முயலும்போது, அடுத்த தகட்டின் நீளவாக்கு இழைகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. அதனால் இது திண்ணிய பலகையைப்போல் ஆடுவதில்லை. தகடுகள் 3, 5, 7 என ஒற்றைப்படையாக இருப்பதைக் கவனியுங்கள். நடுத் தகட்டின் இருபுறமும் சமமாக இருந்தால்தான் பலகை வளையாது.

ஒட்டுப்பலகையின் உயிர் அதன் பசையில் உள்ளது. கடல்தர ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தர எண் 710. இதன் பசை பீனால் வகை சார்ந்தது. 72 மணி நேரம் கொதிநீரில் இட்டும் தகடுகள் பிரியக்கூடாது என்பது அதற்குரிய சோதனை. கடையில் பலகையின்மேல் இந்த எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகைகளைக் குளியலறைக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். அவை நீர் பட்டால் ரொட்டிபோல் ஊதும். உலர்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பா.

கதவுக்குத் திண்ணிய மரம் வேண்டுமென்றால் வைரம் பாய்ந்த பகுதியையே கேளுங்கள். வெளிறு எளிதில் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் இரையாகும். தேக்கு விலை மிகுதி. நம் மாவட்டத்தில் பலா உண்டு. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடலாகும் அதே பலாதான். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயல், கடலூர் மாவட்டத்தின் பலா மரங்களையும் முந்திரி மரங்களையும் பெருமளவில் சாய்த்தது. அத்தகைய வேளைகளில் மரம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் உடனே பயன்படுத்தலாகாது. ஓர் அங்குலப் பலகை, இடையிடையே குச்சிச் சட்டங்கள் வைத்து நிழலில் அடுக்கப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு உலர வேண்டும்.

மரவாடியில் பலகையின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள், வெட்டுமுனையைப் பாருங்கள். ஆண்டு வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அகலம் பாதி அளவே மாறும். கோடுகள் முகத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் மாற்றம் முழு அளவில் இருக்கும்.

அளவும் வெட்டும்

நம் அலமாரியின் வெளியளவு: அகலம் 450 மி.மீ., உயரம் 600 மி.மீ. இதற்கொரு காரணம் உண்டு, பின்னர்ச் சொல்கிறேன். தேவையான துண்டுகள் இவை:

பக்கப் பலகை இரண்டு: 600 × 150 மி.மீ.
மேல், கீழ்ப் பலகைகள்: 414 × 150 மி.மீ.
நடுத்தட்டு ஒன்று: 412 × 140 மி.மீ.
தொங்கு சட்டம் ஒன்று: 414 × 60 மி.மீ.
(இவை யாவும் 18 மி.மீ. கனமுள்ள ஒட்டுப்பலகை.)
பின்பலகை ஒன்று: 600 × 450 மி.மீ., கனம் 6 மி.மீ.

மேல்பலகையின் நீளம் ஏன் 450 இல்லை? இரு பக்கப் பலகைகளின் கனம் 36 மி.மீ. அதைக் கழித்தால் 414. தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த ஒரு கழித்தலில்தான். ரம்பம் ஓடும்போது தன் கனத்துக்குரிய மரத்தைத் தூளாக்கிவிடும் என்பதையும் மறவாதீர்கள். கோட்டின்மேல் அறுக்காமல், கோட்டுக்கு வெளியே அறுங்கள். வெட்டும் வேலையைக் கடையிலேயே இயந்திரத்தில் செய்து வாங்கினாலும் இழுக்கில்லை.

தட்டின் கனத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்க எண்ண வேண்டாம். பலகையின் விறைப்பு, கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 12 மி.மீ. பலகையைவிட 18 மி.மீ. பலகை ஒன்றரை மடங்கே கனமானது, விறைப்போ 3.4 மடங்கு.

பெட்டியைப் பூட்டுதல்

மேல், கீழ்ப் பலகைகளின் முனைகளில் நீர் தாங்கும் வகைப் பசையைத் தடவி, பக்கப் பலகைகளுக்கிடையில் நிறுத்துங்கள். வெளிப்பக்கத்திலிருந்து 40 மி.மீ. திருகாணிகளை, மூலைக்கு மூன்றாக முடுக்குங்கள். அதற்கு முன் திருகாணியைவிடச் சிறிய துளையிட வேண்டும். இல்லாவிடில் தகடுகள் பிளக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியையோ பித்தளையையோ பயன்படுத்துங்கள். கடற்காற்றில் உப்பு உண்டு. இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிப்பதால் மரத்தைப் பிளக்கவும் செய்யும். மரத்திலுள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கருங்கறை உண்டாகும்; பழங்கால எழுதுமை செய்த முறையும் இதுவே.

பசை உலருமுன் பெட்டி சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் நம் அளவின் காரணம் வருகிறது. 450, 600 ஆகியவற்றை 150-ஆல் வகுத்தால் 3, 4. பித்தகோரசு தேற்றப்படி மூலைவிட்டம் 5. அதாவது 750 மி.மீ. நாடாவால் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 750 என்றால் நான்கு மூலைகளும் செங்கோணம். ஒன்று கூடுதலாக இருந்தால் அந்த மூலைகளை மெல்ல அழுத்திச் சரிசெய்யலாம்.

பிறகு பின்பலகையைப் பசையும் திருகாணியும் இட்டுப் பொருத்துங்கள். 6 மி.மீ. பலகைதானே என்று எண்ணாதீர்கள். தீப்பெட்டியின் உறையைத் தனியே எடுத்து மூலையில் அழுத்தினால் சாய்ந்து தட்டையாகிவிடும். அதன் ஒரு வாயில் அட்டையை ஒட்டிவிட்டு அழுத்துங்கள்; அசையாது. நாற்கரம் உருமாறும், முக்கோணம் உருமாறாது. பின்பலகை நாற்கரத்துக்குள் முக்கோணங்களை நிரப்புகிறது.

தொங்கு சட்டத்தைப் பெட்டியின் உட்புறம், மேல்பலகைக்கு அடியில், பின்பலகையோடு சேர்த்துப் பொருத்துங்கள். சுவருக்குச் செல்லும் ஆணிகள் இதன் வழியே செல்லும். நடுத்தட்டை இரு பக்கமும் சிறு தாங்கு கட்டைகளின்மேல் அமர்த்தலாம்.

கதவு: மறைந்திருக்கும் நூல்

கதவைச் சட்டத்துக்குள் புதைக்காமல், பெட்டியின் முகத்தின்மேல் படியும்படி அமைப்போம். உப்பினாலும் அது எதிலும் இடிக்காது. ஆனால் 450 மி.மீ. அகலத்தில் ஒரே பலகையாகச் செய்தால் ஆண்டுதோறும் 5 மி.மீ. அளவுக்கு விரிந்து சுருங்கும், வளையவும் கூடும். நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பழைய வீடுகளின் சட்டக் கதவுகளைப் பாருங்கள். சுற்றிலும் குறுகிய சட்டங்கள், நடுவில் பலகை. அந்தப் பலகை சட்டத்தோடு ஒட்டப்படவில்லை, ஆணி அடிக்கப்படவும் இல்லை. சட்டத்தின் உள்விளிம்பில் ஓடும் காடிக்குள் சும்மா செருகி நிற்கிறது.

60 மி.மீ. அகலமும் 24 மி.மீ. கனமும் உள்ள சட்டங்களை எடுத்துக்கொள்வோம். நிற்கும் சட்டங்கள் 600 மி.மீ. நீளம். குறுக்குச் சட்டங்கள் இடைவெளி 330 மி.மீட்டரோடு, இரு முனையிலும் 40 மி.மீ. கழுந்து சேர்த்து 410 மி.மீ. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, 8 மி.மீ. அதே அகலத்தில், 10 மி.மீ. ஆழத்துக்குக் காடி எடுக்க வேண்டும்.

காடியின் அடி முதல் அடி வரை 350 மி.மீ. அதில் செருகும் பலகையை 345 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். தேக்கானால் அது மழையில் 3.9 மி.மீ. விரியும், நாம் விட்டிருப்பது 5 மி.மீ. வெளியே நிற்கும் இரு சட்டங்களின் மொத்த அகலம் 120 மி.மீ. மட்டுமே, அவை 1.4 மி.மீ. மட்டுமே விரியும். ஆக, 5 மி.மீ. ஆடவேண்டிய கதவு வெளிப்பார்வைக்கு 1.4 மி.மீ. ஆடுகிறது. உயரமோ நிற்கும் சட்டத்தின் நீளவாக்கு; அது மாறுவதே இல்லை. கழுந்துகளுக்கு மட்டும் பசை. பலகைக்கு ஒரு துளியும் கூடாது. பசை இட்டால் அடுத்த கோடையில் பலகை நடுவில் வெடிக்கும்.

கழுந்து வேலை கடினமாகத் தோன்றினால், முதல் அலமாரிக்குக் கதவையும் ஒட்டுப்பலகையிலேயே செய்துகொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீல்களை மேலும் கீழும் எட்ட வையுங்கள். 3 கிலோ எடையுள்ள கதவில் கீல்கள் 45 செ.மீ. இடைவெளியில் இருந்தால் மேல்கீலை இழுக்கும் விசை 15 நியூட்டன். இடைவெளி 15 செ.மீ. ஆனால் அது 45 நியூட்டனாகிவிடும்.

சுவரில் மாட்டுதல்

அலமாரியும் அதிலுள்ள பொருள்களும் சேர்ந்து 15 கிலோ என்போம். எடை 150 நியூட்டன். எடைமையம் சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி இருப்பதால் 12 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் அலமாரியை முன்னோக்கிக் கவிழ்க்கப் பார்க்கிறது. கீழ் விளிம்பு ஆதாரப்புள்ளி. ஆணிகள் அதற்கு 55 செ.மீ. மேலே இருந்தால் அவற்றைப் பிடுங்கும் விசை 22 நியூட்டன் மட்டுமே. அதே ஆணிகள் 10 செ.மீ. உயரத்தில் இருந்தால் 120 நியூட்டன். எனவே ஆணிகளின் இடம் உச்சியே. தொங்கு சட்டம் அங்கு இருப்பது அதற்காகத்தான்.

ஆனால் திறந்த கதவில் 20 கிலோ எடையுள்ள குழந்தை தொங்கினால் என்னாகும்? சுவரிலிருந்து 60 செ.மீ. தொலைவில் 200 நியூட்டன், திருப்புத்திறன் 120. பிடுங்கும் விசை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். இதையும் தாங்குமாறு மாட்டுவதே பொறுப்பான வேலை. சிமெண்டுப் பூச்சில் மட்டும் நிற்கும் ஆணி பயனற்றது. துளை செங்கல்லுக்குள் நன்கு இறங்க வேண்டும். 8 மி.மீ. நைலான் செருகிகளும் நீண்ட திருகாணிகளும் நான்கேனும் இருக்கட்டும். ஓடு பதித்த சுவரானால் ஓட்டுக்குரிய துளைமுனையால், இடிக்கும் இயக்கத்தை நிறுத்திவிட்டு, மெதுவாகத் துளையிடுங்கள். சுவருக்குள் நீர்க்குழாயோ மின்கம்பியோ ஓடுகிறதா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சுவருக்கும் பின்பலகைக்கும் இடையில் வளையங்களை வைத்து 6 மி.மீ. சந்து விட்டால் காற்று உலவும்.

பூச்சு

வார்னிசோ எனாமலோ ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. புகும் வேகத்தைத்தான் குறைக்கிறது. அதனால் ஆறு முகங்களுக்கும் சமமாகப் பூச வேண்டும். ஓர் அஞ்சலட்டையின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்துப் பாருங்கள், உடனே வளையும். வெளிப்பக்கம் மட்டும் பூசப்பட்ட பலகைக்கும் அதே கதி நேரும். வெட்டுமுனைகளில் குழல்களின் வாய் திறந்திருப்பதால் அவை முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். ஆகவே அங்கு மட்டும் கூடுதலாக ஒரு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, மொத்தம் மூன்று பூச்சுகள் கொடுங்கள். நடுப்பலகையைச் சட்டத்தில் செருகுமுன்பே பூசிவிட வேண்டும். இல்லையேல் கோடையில் அது சுருங்கும்போது பூசாத வெள்ளைக் கோடு வெளியே தெரியும்.

தூளுக்கு மூக்கை மூடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள். உளி செல்லும் திசையில் ஒருபோதும் மற்றக் கையை வைக்காதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

ஒரே பலகையிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்று இழையின் நீளவாக்கில் 10 செ.மீ.; மற்றொன்று இழைக்குக் குறுக்காக 10 செ.மீ. வெர்னியர் அளவுகோலால் அளந்து, எடையும் பாருங்கள். ஒரு வாளியில் சிறிது நீர் ஊற்றி, நீர் படாதபடி துண்டுகளை அதனுள் தொங்கவிட்டு, மூடி ஒரு வாரம் வையுங்கள். மீண்டும் அளவுகளையும் எடையையும் எடுங்கள். நீளவாக்குத் துண்டு உங்களை ஏமாற்றும். குறுக்குத் துண்டோ பேசும். பிறகு ஆய்வுக்கூட அடுப்பில் 103 டிகிரியில், எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துங்கள். உலர்ந்த துண்டு 50 கிராம், ஈரத்தில் 58 கிராம் என்றால் நீர் 8 கிராம். மரத்தின் ஈரம் 16 விழுக்காடு. வகுப்பது உலர்ந்த எடையால் என்பதை மறக்க வேண்டாம்.

என் இரண்டாவது அலமாரி இரண்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. கதவு ஐப்பசியிலும் வைகாசியிலும் ஒரே மாதிரி திறக்கிறது. முதிய தச்சரை அழைத்துக் காட்டினேன். கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நூல் எங்கே வாத்தியாரே?" என்றார். நடுப்பலகையை விரலால் பக்கவாட்டில் அசைத்துக் காட்டினேன்; காடிக்குள் அது மெல்ல நகர்ந்தது. "உள்ளே வச்சிருக்கியா!" என்று சிரித்தார்.

கடைசியாக ஒன்று. அந்த அலமாரியில் இன்று சோப்பும் சீப்பும் எண்ணெயும் உண்டு, மருந்து இல்லை. ஈரமும் வெப்பமும் மாத்திரைகளைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம். என் தந்தையின் இன்ஹேலர் இப்போது அவருடைய கட்டிலருகே, கதவே இல்லாத ஒரு சிறு தட்டில் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அவசரத்துக்கு வேண்டிய மருந்து எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மழைக்காலம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.